லண்டனுக்குப் படிக்க அனுப்பும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

(வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கணக்காளராகப் பணிபுரியும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)





என்னை அழைத்தவர்கள், "காக்கா, எந்த யுனிவர்சிட்டி நல்லது, எந்தக் கோர்ஸுக்கு வேலை கிடைக்கும் என்று பேசுங்கள்" என்றார்கள். அதைச் சொல்ல ஏஜென்டுகள் இருக்கிறார்கள், வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறார்கள். நான் தொழிலால் கணக்கு எழுதுகிறவன். எனவே பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுவும் முதல் ஓராண்டுப் பணத்தைப் பற்றி.

நம்மூருக்கு வெளிநாடு புதிதல்ல. நம் பெரியவாப்பாமார் பர்மாவும் மலாயாவும் கொழும்பும் பார்த்தவர்கள். வாப்பாமார் சவூதியும் துபாயும் பார்த்தவர்கள். அதனால் 'வெளிநாடு' என்றதுமே நம் வீடுகளில் ஒரு கணக்கு தானாக ஓட ஆரம்பித்துவிடும். விசாவுக்கு ஒரு தொகை கட்டுவோம், பிள்ளை போவான், கம்பெனி ரூம் கொடுக்கும், மூன்றாம் மாதம் முதல் பணம் வரும், ஓராண்டில் கடன் அடையும். வளைகுடாவுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. இங்கிலாந்துக்கு இதே கணக்கைப் போட்டால் அது தலைகீழ். அங்கே ரூம் கொடுக்கக் கம்பெனி கிடையாது. முதல் ஓராண்டு பணம் இங்கிருந்து அங்கேதான் போகும், அங்கிருந்து இங்கே வராது. இன்று நான் சொல்வதில் இந்த ஒன்று மட்டும் நினைவில் நின்றாலும் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். நம்மூரில் லெஸ்டர் போனாலும் மான்செஸ்டர் போனாலும் 'லண்டன் போயிருக்கான்' என்றுதான் சொல்வோம். விசா கொடுக்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. லண்டனுக்கு ஒரு தொகை, மற்ற ஊர்களுக்கு வேறு தொகை. 2025 நவம்பர் முதல் லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டும், வெளியூரில் படிப்பவர் மாதம் 1,171 பவுண்டும் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. அதாவது லண்டனுக்கு 13,761 பவுண்டு, வெளியூருக்கு 10,539 பவுண்டு. படிப்புக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கி இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக் காட்ட வேண்டும். இந்தத் தொகைகளை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் அன்று அரசாங்க இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எளிது. லெஸ்டர் மாதிரி ஊரில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு, கட்டணம் 15,000 பவுண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக்கு 10,539. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776. ஓராண்டுப் படிப்புக்கு விசா சில மாதம் கூடுதலாகக் கொடுப்பதால் இதை ஒன்றரை ஆண்டுக்கு வாங்குவார்கள், ஆக 1,164 பவுண்டு. விசாக் கட்டணம் 500க்கு மேல். டிக்கெட், குளிருக்குத் துணி, போனதும் வாங்கும் பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் ஓர் ஆயிரம். மொத்தம் 28,000 பவுண்டைத் தாண்டும். நம் காசில் 34 லட்சத்தை ஒட்டி. இதிலும் செலவுப் பணம் ஒன்பது மாதத்துக்குத்தான். படிப்போ பன்னிரண்டு மாதம்.

ஏஜென்ட் இந்த முழுத் தொகையை ஒரே தாளில் எழுதிக் காட்டமாட்டார். கட்டணத்தை ஒரு நாள் சொல்வார், விசாச் செலவை இன்னொரு நாள் சொல்வார். செலவுப் பணத்தைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா காட்டுறதுக்குத்தானே பாய், ஏற்பாடு பண்ணிடலாம்" என்பார்.

அந்த 'ஏற்பாட்டை'ப் பற்றிப் பேசத்தான் நான் இன்று முக்கியமாக வந்தேன்.

விதி என்னவென்றால், அந்தப் பணம் மாணவரின் கணக்கிலோ தாய் தகப்பன் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. மாமா கணக்கில், மச்சான் கணக்கில் இருப்பது செல்லாது. உடனே ஒரு வியாபாரம் முளைத்துவிட்டது. ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பதினைந்து லட்சம் போடுகிறோம், இவ்வளவு கமிஷன், முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட செக் கொடுங்கள், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். 'ஷோ மணி' என்று இதற்குப் பெயர். கமிஷன் என்று சொன்னாலும் அது வட்டிதான். வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த குடும்பங்கள்கூட, வேறு பெயரில் வந்ததால் கவனிக்காமல் இதில் காலை வைத்திருக்கின்றன.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் இல்லை. ஹஜ்ரத் இங்கேயே இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். விதி கேட்பது, அந்தப் பணம் உண்மையிலேயே பிள்ளையின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கிறதா என்பதைத்தான். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிவிட்டால் அதிகாரியை ஏமாற்றிவிடலாம். அங்கே வீட்டு ஓனரை ஏமாற்ற முடியாது. வங்கிக் கடிதம் போலி என்று தெரிந்தால் விசா மறுப்போடு நிற்காது, பத்தாண்டு அந்த நாட்டுப் பக்கமே போக முடியாதபடி தடை வரும். அதையும் தாண்டி விசா கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். நம்மூர் இல்லை, பக்கத்து ஊர். பெயர் வேண்டாம்.

ஷோ மணி காட்டி வந்த பிள்ளை. இறங்கும்போது கையில் 300 பவுண்டு. லெஸ்டரில் அறை வாடகை முன்பணத்துக்கே அது காணாது. ஐந்து பேர் இருக்கும் ஓர் அறையில் ஆறாவது ஆளாகத் தங்கினான். இங்கே வாங்கிய தொகைக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். சட்டப்படி வாரம் 20 மணி நேரம்தான் வேலை. அது போதாது. ஒரு கடையில் ரொக்கமாகக் கூலி பேசி வாரம் 45 மணி நேரம் வேலைக்குப் போனான். மணிக்கு ஐந்து பவுண்டு, அரசாங்கக் கூலியில் பாதிகூட இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் கூலியை நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, "போய் போலீஸில் சொல்" என்றார். சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இரவு வேலை, பகலில் தூக்கம், வகுப்புக்குப் போகவில்லை. வராத மாணவரை அரசுக்குத் தெரிவிப்பது அங்கே பல்கலைக்கழகத்தின் கடமை. தெரிவித்தார்கள். விசாவை முன்கூட்டியே முடித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. எனக்கு விஷயம் தெரிந்தது அந்தக் கடிதம் வந்த பிறகுதான். அத்தனை மாதமும் அவன் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவில் எனக்குப் பக்கத்தில் தொழுதிருக்கிறான். முஸாஃபஹா செய்து, 'நல்லா இருக்கேன் காக்கா' என்றிருக்கிறான். வீட்டுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறான். வீட்டில் உம்மா நகையை விற்றுத் தவணை கட்டியதை அவனுக்கு அவர்களும் சொல்லவில்லை. பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினான்.

அவன் சோம்பேறி இல்லை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பத்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

எனவே பெற்றோருக்கு நான் சொல்வது. இந்தத் தொகை முழுவதும் உண்மையாகக் கையில் சேரவில்லை என்றால் இந்த ஆண்டு அனுப்பாதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கேட்டால் சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்கள். பிள்ளை ஓராண்டு இங்கே வேலை பார்க்கட்டும், சேர்த்துக்கொண்டு போகட்டும். ஊரில் நாலு பேர், 'விசா கிடைக்கலையோ?' என்று கேட்பார்கள். கேட்கட்டுமே!

சொந்தபந்தங்களிடம் வட்டியில்லாக் கடனாகத் திரட்டுகிறீர்களா? நல்லது. நம் ஊரில் இன்னும் அந்தப் பழக்கம் இருப்பதற்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எழுதிக்கொள்ளுங்கள். யார், எவ்வளவு, எப்போது திருப்புவது, இரண்டு சாட்சி. திருப்பும் தேதியை 'போன ஆறாம் மாதம்' என்று எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு ஆண்டு கழித்து வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

பகுதி நேர வேலையின் கணக்கைப் பாருங்கள். 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணி நேரம் முழுதாகக் கிடைத்தால் வாரம் 254, நாலு வாரத்துக்கு ஆயிரம் பவுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போனவுடன் வேலை யாரும் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. பலருக்கு முதல் வேலை கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகிறது. கிடைத்தாலும் 'இந்த வாரம் எட்டு மணி நேரம், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற ஒப்பந்தம்தான் அதிகம். அந்த ஆயிரம், ஒன்பது மாதத்துக்குப் பிறகு வரும் மூன்று மாதத்துக்குக் கைகொடுத்தால் பெரிய விஷயம். அதை நம்பி இங்கே கடன் தவணை வைக்கக் கூடாது.

அந்த 20 மணி நேரத்தில் சில நுட்பங்கள் இருக்கின்றன. தம்பிமார் கவனியுங்கள். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. ஒரு வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி பார்க்க முடியாது. முதுநிலை மாணவர்களுக்குக் கோடை காலம் விடுமுறை அல்ல, ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம், அப்போதும் 20 தான். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்புறம், செயலி மூலம் சாப்பாடு டெலிவரி செய்யும் வேலை. அது சுயதொழில் கணக்கில் வரும். மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது. வேறு ஒருவர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன் என்பது அதைவிட மோசம்.

படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் விசா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இதுவரை இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். இந்த செப்டம்பரில் ஓராண்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் அந்தப் பதினெட்டு மாதக் கணக்கில்தான் வருவார்கள். அந்த விசாவுக்குச் சுகாதாரக் கட்டணமே ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். அதற்கு யாரும் பணம் எடுத்து வைப்பதில்லை. அதன்பின் நிரந்தர வேலை விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. கிடைக்காது என்று சொல்லவில்லை, எனக்குக் கிடைத்தது. நான் 2010இல் போனபோதும் அப்படி ஒரு விசா இருந்தது. 2012 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். எனக்குச் சில மாதம் பின்னால் சேர்ந்த நண்பர்கள், அதை நம்பிக் கடன் வாங்கி வந்தவர்கள், வெறும் கையோடு திரும்பினார்கள். அங்கே சட்டம் மாறும். அதை வைத்து இங்கே வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2024 ஜனவரி முதல் வகுப்புப் படிப்பாக முதுநிலை படிக்கிறவர்கள் மனைவி பிள்ளைகளை உடன் அழைத்துப்போக முடியாது. 'நிக்காஹ் முடிச்சு ரெண்டு பேரையும் அனுப்பிடலாம்' என்று திட்டம் வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்புவது பற்றிச் சுருக்கமாக. வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். படிப்புக்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். ஓர் ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் சொந்தப் பணமாக அனுப்பினால் மேல்வரும் தொகைக்கு டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். அதன் விகிதம் மாறிக்கொண்டிருக்கிறது, வங்கியில் கேளுங்கள். அது போன பணம் அல்ல. யாருடைய பான் எண்ணில் அனுப்பினீர்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். நம்மூரில் எத்தனையோ பேர், 'எனக்கு வருமானமே இல்லையே, நான் எதுக்குத் தாக்கல் பண்ணணும்' என்று அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே கட்டுங்கள். 'எங்கள் மூலம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். திருட்டு அட்டையில் கட்டுவார்கள். நீங்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்தபின், பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய தொகை ரத்தாகிவிடும்.

இனி போய் இறங்கியபின்.

அறை. என் சொந்த அவமானத்தைச் சொல்கிறேன். 2010இல் இங்கிருந்தே படத்தைப் பார்த்து ஓர் அறைக்கு 400 பவுண்டு அனுப்பினேன். இரண்டு பெட்டியோடு அந்த விலாசத்தில் போய் நின்றால் அது ஒரு மூடிக்கிடக்கும் கடை. மூன்று இரவு, அன்றுதான் பழக்கமான ஒரு குஜராத்திச் சகோதரரின் அறையில் தரையில் படுத்தேன். வாப்பாவிடம் இதை நான் சொன்னது ஏழு வருஷம் கழித்து. ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் பல்கலைக்கழக விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஏற்பாடு செய்துகொண்டு, நேரில் பார்த்துத்தான் வீடு பிடியுங்கள். முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது இங்கிலாந்தில் 2019இலிருந்து சட்டம். வாங்கிய முன்பணத்தை முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் ஓனர் போட்டு, உங்களுக்கு விவரம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஓனர் வீட்டிலேயே அவரோடு தங்கினால் இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கம் வெளிநாட்டு மாணவரிடம் நெடுங்காலம் இருந்தது. 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கக் கூடாது. மாணவர் விடுதி நடத்தும் நிறுவனங்களுக்கு விதி வேறு. உள்ளே போன அன்றே சுவர், தரை, கட்டில் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் வரி கிடையாது. படிப்பு முடித்து வேலைக்குப் போகிற ஒரு சிநேகிதர் உங்களோடு தங்கினால் அந்த வீட்டுக்கு வரி வரும். வாடகை பங்கிடும்போதே அந்த வரி யார் பொறுப்பு என்று பேசிவிடுங்கள். ஒன்றாக நோன்பு திறந்த நண்பர்கள் அந்த ஒரு கடிதத்தால் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணங்கள். முன்பு விசா அட்டை கொடுத்தார்கள். இப்போது எல்லாம் கணினியில்தான். வேலைக்கோ வீட்டுக்கோ விசாவைக் காட்டச் சொன்னால் அரசு இணையதளத்தில் 'ஷேர் கோட்' எடுத்துக் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டையே கொடுத்துவிட்டு வரக் கூடாது. வேலைக்குத் தேசியக் காப்பீட்டு எண் வேண்டும். இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். அதை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். எண் வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம், விண்ணப்பித்திருந்தால் போதும். சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு பாருங்கள். வருமானம் ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்குள் என்றால் வருமான வரி இல்லை. ஆனால் குறியீடு தவறாக விழுந்தால் முதல் பவுண்டிலிருந்தே இருபது சதவீதம் பிடித்துவிடுவார்கள். கேட்டால் திருப்பித் தருவார்கள், கேட்காவிட்டால் இல்லை.

போன முதல் வாரமே பக்கத்து டாக்டர் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. பல் வைத்தியத்துக்கும் கண்ணாடிக்கும் செலவு உண்டு, அதனால் அவை இரண்டையும் இங்கேயே முடித்துக்கொண்டு போங்கள். உம்மாமார் ஒரு விஷயம் கேளுங்கள்! நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். மசாலாப் பொடி வையுங்கள். லெஸ்டரிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஹலால் கறியும் நம் அரிசியும் கிடைக்கும்.

கடன் அட்டையைப் பற்றி இளைஞர்கள் தனியாக வந்து கேட்பார்கள். முதல் ஆண்டு வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சில வங்கிகளில் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்தால் அதற்கு ஆண்டுக்கு நாற்பது சதவீதம் வரை வட்டி. கணக்குத் திறக்கும்போதே அந்த வசதி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நற்பெயர்ப் பதிவு வேண்டும் என்பவர்களுக்கு வட்டியில்லாத ஒரு வழி இருக்கிறது. இந்தியர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். அது விலாசத்துக்குச் சான்றாக நின்று பின்னால் உதவும். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது.

வங்கிக் கணக்கில் ஓர் எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். யாராவது, பெரும்பாலும் நம் பாஷை பேசுகிறவர், நம் பள்ளிவாசலில் பார்க்கிறவர், வந்து சொல்வார்: 'என் கணக்கில் பிரச்சினை, உன் கணக்குக்கு 3,000 பவுண்டு வரும், இன்ன கணக்குக்கு அனுப்பிவிடு, நூறு நீ வைத்துக்கொள்.' அது திருட்டுப் பணம். உங்கள் கணக்கு வழியாக அது கடந்து போனால் சட்டத்தின் முன் நீங்களும் குற்றவாளி. அதிகபட்சத் தண்டனை பதினான்கு ஆண்டு. வழக்கு வராவிட்டாலும் வங்கி கணக்கை மூடும், மோசடிப் பட்டியலில் ஆறு ஆண்டு பெயர் நிற்கும், வேறு வங்கியிலும் கணக்குக் கிடைக்காது. கணக்கு இல்லாமல் சம்பளம் எப்படி வரும்? என்னிடம் வந்த ஒரு பிள்ளை, நூறு பவுண்டைக்கூட வாங்கவில்லை, உதவி என்று நினைத்துத்தான் செய்தான். அதை வங்கியிடம் நிரூபிக்க அவனால் முடியவில்லை. அமானிதம் என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் 159 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் வங்கிக்கே இணைப்புக் கொடுப்பார்கள், அன்றே சொல்லிவிடுங்கள்.

கையில் காசு தீர்ந்துவிட்டால்? முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். நெருக்கடி நிதி பல இடங்களில் இருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கும் கொடுக்கும் இடங்கள் உண்டு. தவணையைத் தள்ளிவைக்கவும் கேட்கலாம். கேட்டால் விசா போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் போகாது, வகுப்புக்கு வராமல் இருந்தால்தான் போகும். அடுத்து பள்ளிவாசல், மாணவர் இஸ்லாமியச் சங்கம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது இருக்கிறது. கடைசியாகச் சொன்னாலும் முதலில் சொல்ல வேண்டியது, வீடு.

(உரைக்குப் பின் மாடியிலிருந்து ஒரு தாயார் எழுதி அனுப்பிய கேள்வி: "பிள்ளை கஷ்டப்படுறானா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான்.")

நல்ல கேள்வி லாத்தா. 'நல்லா இருக்கியா?' என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான். மாதம் ஒரு நாள் வையுங்கள், ஒன்றாம் தேதி என்று வையுங்களேன். 'கணக்கில் எவ்வளவு இருக்கு, இந்த மாத வாடகை கொடுத்தாச்சா, எத்தனை மணி நேரம் வேலை பார்த்தே, வகுப்புக்கு எத்தனை நாள் போனே?' இந்த நாலும் கேளுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள். பதிலுக்கு இங்கேயுள்ள நிலைமையையும் சொல்லுங்கள், நகையை விற்றால் விற்றேன் என்று சொல்லுங்கள். தொகை குறைகிறது என்றால், 'ஏன் செலவு பண்ணினே?' என்பதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு, இந்த மாதத்துக்கு என்ன வழி என்று முதலில் பேசுங்கள்.

நான் இம்மாதக் கடைசி வரை ஊரில் இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். தினமும் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் இருப்பேன். வருகிறவர்கள் ஏஜென்ட் கொடுத்த தாள், பல்கலைக்கழகக் கடிதம், வீட்டில் திரட்டியிருக்கும் பணத்தின் விவரம் மூன்றையும் கொண்டு வாருங்கள். வாப்பா மட்டும் வராமல் போகப்போகிற பிள்ளையையும் கூட்டி வாருங்கள். உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.